தீபாவளிக்கு முந்தின வாரம் சாயம் அடிக்காதீர்கள்: கையில் இருக்கிற காசில் வீட்டை அழகாக வைத்துக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் தையல் வேலை செய்கிறேன். ஊர்ப் பலகையில் 2007-லிருந்து பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கிறது, ஆனால் பழைய ஆட்கள் வாயில் அந்தப் பெயர் இன்னும் ஏறவில்லை. பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கி நின்றபடியே எங்கள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எவ்வளவு ஆச்சு, இதை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும்தான் இவை.

எங்களுடையது மூன்று அறை மலிவு விலை வரிசை வீடு. அதற்கு முன்னால் இருந்தது தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு. வீட்டு வேலைக்கென்று மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) ஒரு மைலோ டின்னில் போடுவேன், ஜனவரியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில் 450 வெள்ளி சேரும். இங்கே சொல்லியிருக்கிறதெல்லாம் அந்த டின்னுக்குள் அடங்கின வேலைகள்தான். விலையெல்லாம் நான் கொடுத்த விலை, உங்கள் கடையில் ஐந்து பத்து கூடக் குறைய இருக்கும்.

இந்த ஊரில் பருவம் என்று என்ன இருக்கிறது? வருஷம் பூரா வெயில், சாயங்காலம் மழை, அவ்வளவுதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் வீட்டுச் சுவருக்குத் தெரியும். மேற்குக் கரைப் பக்கம் அதிகமாக மழை கொட்டுவது அக்டோபரிலும் நவம்பரிலும், அதற்கு அடுத்தபடி ஏப்ரல், மே. பிப்ரவரி நன்றாகக் காய்கிற மாதம், பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்ப்பதும் அதை ஒட்டித்தான். ஜூன், ஜூலையில் பகல் மழை பல இடங்களில் குறைந்துவிடும், ஆனால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று ஒரு காற்று மழையோடு வந்து மேற்குப் பார்த்த ஜன்னலை அறைந்துவிட்டுப் போகும். ஆகஸ்ட், செப்டம்பரில் சில வருஷம் புகைமூட்டம்.

இதன் மேல் நம்முடைய பண்டிகைக் கணக்கை வைத்துப் பாருங்கள். பொங்கல், தைப்பூசம், சித்திரை வருஷப் பிறப்பு, ஐப்பசியில் தீபாவளி. பொங்கலும் பூசமும் காய்ந்த நாட்களை ஒட்டி வருகின்றன, பிரச்சினை இல்லை. தீபாவளி மட்டும் மழையின் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டு வேலையில் நாம் படுகிற பாதிப் பாடு இதனால்தான்.

அப்படியானால் சாயம் எப்போது அடிப்பது?

வெளிச்சுவருக்கு பிப்ரவரி, மார்ச் தொடக்கம். உள்சுவருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எப்போது முடிகிறதோ அப்போது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது வருஷம் போனஸ் காசு கைக்கு வந்த கையோடு, பண்டிகைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முன்சுவருக்கு நல்ல மாம்பழ மஞ்சள் அடித்தோம். மூன்று நாளும் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இடி மழை. சுவர் உள்ளே ஈரம், மேலே புதுச் சாயம், ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம், சின்னவன் விரலால் குத்த, அது அப்படியே பழைய பச்சையோடு சேர்ந்து உரிந்து வந்தது. வந்த விருந்தாளிகள் எல்லாம் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள், நானும் அதற்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கூலி இன்னொரு விஷயம். ஜூலையில் கூப்பிட்டால் சாவகாசமாக வந்து ஒரு நாளில் முடித்துக் கொடுக்கிற அதே அண்ணனை அக்டோபரில் பிடிக்க முடியாது, பிடித்தாலும் ஒரே பூச்சோடு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லாரும் ஒரே வாரத்தில் கூப்பிட்டால் அவரும்தான் என்ன செய்வார்?

ஒரு ஹாலுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், அடிக்கிறவர் ஒன்று சொல்கிறார்.

நீங்களே கணக்குப் போடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. எங்கள் ஹால் 12-க்கு 14 அடி. நாலு சுவரையும் சுற்றினால் 52 அடி, உயரம் 9 அடி, பெருக்கினால் 468 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் 390 வரும், மீட்டரில் சுமார் 36 சதுர மீட்டர். இரண்டு பூச்சு என்றால் 72. சாதாரண உள்சுவர் சாயம் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 10, 12 சதுர மீட்டர் போகும், சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். ஆக 7 லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்று, 1 லிட்டர் டின் இரண்டு. இரண்டு பெரிய டின் வாங்கினால் மூன்று லிட்டர் மிச்சமாகி ஸ்டோரில் கட்டியாகிப் போகும், போன வருஷத்து டின் உங்கள் வீட்டிலும் இருக்கும், போய்ப் பாருங்கள்.

காசு பத்தவில்லை என்றால் ஒரு சுவர் மட்டும் அடியுங்கள். வாசலில் நின்றால் நேரே கண்ணில் படுகிற சுவர். கூடவே முன்கதவும் கிரில்லும். அதற்கு எண்ணெய்ச் சாயம் ஒரு லிட்டர் போதும். எங்கள் கதவு இப்போது கரும்பச்சை, இரண்டு பூச்சுக்கு ஆன செலவு 30 வெள்ளியைத் தாண்டவில்லை, வீடே புதுசாகத் தெரிகிறது என்று பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிகூடச் சொன்னார்.

எங்கள் சுவரில் கறுப்புப் பூஞ்சை. மேலேயே சாயம் அடித்து மூடிவிடலாமா?

ஆறு மாதத்தில் எட்டிப் பார்க்கும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: கூரை ஒழுகலா, சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாயா, அல்லது அலமாரியை ஒட்டிப் போட்டுக் காற்றே படாமல் இருக்கிறதா. அதைச் சரி செய்த பிறகு, ஒரு பங்கு குளோராக்ஸ் ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குளோராக்ஸோடு வினிகரையோ கழிவறை கழுவுகிற ஆசிட்டையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். நன்றாகக் காய்ந்த பிறகு அடிப்பூச்சு ஒன்று, மேல்பூச்சு இரண்டு.

வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தால் அது பூஞ்சை இல்லை, சுவருக்குள் இருக்கிற உப்பு. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டால் மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் பழைய லயத்து வீடுகளில் சுண்ணாம்பு அடித்த சுவர் இருக்கும், கையால் தடவினால் வெள்ளை ஒட்டும். அதைச் சுரண்டாமல் மேலே சாயம் அடித்தால் சாயம் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது, ஏடு ஏடாக வரும்.

கையில் 200 வெள்ளிதான் இருக்கிறது. முதலில் எதில் போடுவது?

கூரையில். நிறையப் பேருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை, சோபா உறையைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம் நான் கூரையைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் ஒழுகுகிற வீட்டில் எதைப் போட்டாலும் காசு தண்ணீரில்தான் போகும்.

செப்டம்பரில் ஒரு நல்ல வெயில் நாளில் வீட்டுக்குள் நின்று மேலே பாருங்கள். தகரக் கூரையில் ஆணித் துளை பெரிசாகி இருந்தால் சின்ன நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். பெரும்பாலும் ஆணிக்குக் கீழே இருக்கிற ரப்பர் வாஷர் வெடித்துப் போயிருக்கும், அதை மாற்றினாலே பாதி ஒழுகல் நின்றுவிடும். கூரையோரத் தகரப் பீலியில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் வாரிவிடுங்கள். பால்மரம் பக்கத்தில் இருக்கிற வீடுகளுக்கு இலை உதிர்ந்து முடிந்ததும், மார்ச் கடைசியில் இன்னொரு தடவை.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் நெளிநெளியாகச் சிமெண்ட் ஓடு இருக்கும், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அதைத் துளைபோட, உடைக்க, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த கூரையில் வீட்டுக்காரரை ஏற்றாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். எங்கள் கைக்காசைப் போட்டு ரிப்பேர் செய்யலாமா?

கூரை, வயரிங், தண்ணீர்க் குழாய் மாதிரியான பெரிய வேலைகளை உங்கள் காசில் செய்யாதீர்கள். தொழிலாளிக்குக் கொடுக்கிற குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு, அதற்கென்றே 446-ஆவது சட்டம் 1990-லிருந்து இருக்கிறது, 2019-இல் அதைத் திருத்தி இன்னும் விரிவாக்கினார்கள். ஆபீஸில் வாயால் சொல்லிவிட்டு வராமல் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னால் கொடுத்தால் கிராணிக்கும் (தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவுக்கும்) சாக்கு இருக்காது.

உங்கள் காசை, வீட்டைக் காலி செய்யும்போது கையோடு எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளில் போடுங்கள். திரைச்சீலை, விளக்கு, செடி, பாய். வாடகை வீட்டுக்கும் இதே கணக்குதான்.

லங்சிர் (திரைச்சீலை) தைக்க எவ்வளவு ஆகும்? கிள்ளானில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் தீபாவளிக்கு முன்னால் சும்மா நடந்து பார்க்கவே ஒரு சந்தோஷம், போய் வாருங்கள், ஆனால் லங்சிரை அங்கே அந்த வாரம் வாங்காதீர்கள். உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஐந்து வருஷமாகக் கட்டாத சேலை எத்தனை இருக்கிறது?

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம், அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சாதாரண ஜன்னலுக்குக் கம்பியிலிருந்து அடிவரைக்கும் ஒன்றரை மீட்டர் விழுந்தால் போதும், மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 20 சென்டி மீட்டர் விடுங்கள். அப்படி வெட்டினால் ஒரு சேலையில் மூன்று துண்டு வரும். இரண்டு துண்டு ஒரு ஜன்னலுக்கு, மூன்றாவது சாமி மேடைக்கு. வாசல் கதவுக்கு என்றால் 2.30 மீட்டரில் இரண்டு துண்டு, மிச்சம் இருக்கிறதில் குஷன் உறை. முந்தானையை எப்போதும் முன்வாசல் துண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீழே அந்தக் கரை விழுந்தால் அதுவே அலங்காரம்.

நைலக்ஸ், ஜார்ஜெட், சில்க் காட்டன் எல்லாம் நன்றாக விழும். பட்டுச் சேலையை மட்டும் வெயில் படுகிற ஜன்னலில் தொங்கவிடாதீர்கள், ஒரே வருஷத்தில் மடிப்போடு கிழியும். ஒருவர் அப்படித்தான் அம்மாவின் கூறைப்புடவையைக் கொண்டுவந்து லங்சிர் தைக்கச் சொன்னார், நான் கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை. "வீட்டுக்குப் போய் ஒரு நாள் யோசிச்சிட்டு வாங்கம்மா" என்று அனுப்பினேன். வரவில்லை, நல்லதுதான்.

தையல் தெரியாதவர்கள் மேலே இரண்டு அங்குலம் மடித்து நேராக ஓட்டுத்தையல் போட்டுக் கம்பியை நுழைத்தால் போதும். நான் ஒரு துண்டுக்கு 8 வெள்ளி வாங்குகிறேன், அக்டோபரில் கொண்டுவந்தால் 8 வெள்ளிதான், ஆனால் தீபாவளிக்குக் கிடைக்காது!

சிமெண்ட் தரைக்குத் தீக்கார் கெத்தா (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) போடலாமா, டைல்ஸ் போடக் காசு சேர்க்கலாமா?

தீக்கார் கெத்தா போடலாம், எங்கள் சின்ன அறையில் இன்னும் அதுதான். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஓர் அடி சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது அடியில் வியர்த்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தத் தரையில் தீக்கார் போட்டால் மூன்று மாதத்தில் ஒரு நாற்றம் வரும், தூக்கிப் பார்த்தால் கறுப்பாக இருக்கும். அப்படிப்பட்ட தரைக்கு மெங்குவாங் (தாழை ஓலை) பாய் போட்டுக்கொள்வது மேல், வாரம் ஒரு முறை தூக்கி வெயிலில் போடலாம்.

வாங்கும்போது அறை அளவைவிட இரண்டு அங்குலம் கூட வாங்கி, வெயிலில் அரை மணி விரித்துவிட்டு, அப்புறம் போட்டு வெட்டுங்கள். சுருட்டினபடி கொண்டுவந்து உடனே வெட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும், ஆத்தா காலில் தடுக்கும்.

தீபாவளிக்கு லிப்லாப் விளக்கு (மின்னி மின்னி எரிகிற சரம்) போட ஆசை. மலிவு விளக்கு ஆபத்தா?

எல்இடி சரமாக இருந்தால் கரண்டு ரொம்பக் கம்மி, பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது வயரும் பிளக்கும்தான். சிரிம் (தரச் சான்று) ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முள் பிளக்கைப் பேனா மூடியால் நெம்பிச் சொருகுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். ஒரு நீட்டு வயரில் இன்னொரு நீட்டு வயரைச் சொருகாதீர்கள். வெளியே தொங்கவிடுகிற சரம் வெளியே போடுவதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும், அதன் இணைப்பு மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். மெயின் பெட்டியில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் கரண்டு டக்கென்று நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் சரம் வாங்குகிற காசில் எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் விடியும் வரை எரியவிடுகிறார் என்றால் அது அவர் பாடு.

உங்கள் வாசல் சுவரில் வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அந்தக் கிண்ணம் எங்கே வாங்கினது?

வாங்கினது இல்லை. பால் மங்கு, ரப்பர் மரத்தில் வடிகிற பாலைப் பிடிக்கிற கிண்ணம்.

அம்மா பால்வெட்டில் இருந்தவர். தோட்டம் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது மண்ணில் சுட்ட பழைய மங்குகளை எல்லாம் மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், அம்மா ஒரு கோணிச் சாக்கு நிறைய எடுத்துவந்து கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். உடைந்தது போக என் பங்குக்குப் பதினொன்று வந்தது.

உள்ளே காய்ந்த பால் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, விளிம்பில் நகத்தால் கிளப்பி மெதுவாக இழுத்தால், மங்கின் வடிவத்திலேயே முழுசாகக் கழன்று வரும், கையில் பிடித்தால் பழுப்பு நிறத்தில் இன்னொரு மங்கு. அந்த வாசனை, வீச்சம் என்றுதான் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார், எனக்கு அது அம்மா வேலை முடிந்து வருகிற பதினோரு மணி வாசனை. சோப்பு போட்டு இரண்டு நாள் வெயிலில் வைத்தால் போய்விடும்.

முக்கால் பாகம் ஆற்று மணலைப் போட்டு, மேலே அகல் விளக்கைப் பதியவைத்து ஏற்றுங்கள். மங்கின் விளிம்பு காற்றைத் தடுக்கிறது, எண்ணெய் வழிந்தாலும் மணலோடு போகிறது, டைல்ஸில் கறை இல்லை. மரத்தில் கட்டியிருந்த கம்பி வளையத்தோடு கிடைத்தால் அதைக் கொண்டே கிரில்லில் மாட்டலாம், ஆனால் மேலே லங்சிரும் தோரணமும் இல்லாத இடமாகப் பாருங்கள். பண்டிகை முடிந்ததும் மணலைக் கொட்டிவிட்டு மண் நிரப்பி மணி பிளாண்ட் நட்டுவிடுவேன். அடியில் ஓட்டை இல்லாததால் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். இப்போது வருகிற பிளாஸ்டிக் மங்கில் விளக்கு வைக்காதீர்கள், உருகிவிடும்.

கோலத்துக்குச் சாய அரிசி கடையில் வாங்குவதா, நாமே செய்வதா?

நாமே. நொய்யரிசி வாங்குங்கள், முழு அரிசியைவிட மலிவு, கோலத்தில் நெருக்கமாகவும் உட்காரும். கேசரிப் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அரிசியில் பிசறி, மின்விசிறிக்கு அடியில் பேப்பரில் பரப்பிவிடுங்கள், தண்ணீர் அதிகமானால் மாவாகிவிடும். வெயிலை நம்ப வேண்டாம், அது அக்டோபர். என் அனுபவத்தில் மூன்றடி வட்டத்துக்கு இரண்டு கிலோ வரை போகிறது. முதலில் சாக்கட்டியால் கோடு, அப்புறம் நடுவிலிருந்து வெளி வட்டத்துக்கு. வெளி வட்டத்திலிருந்து தொடங்கினால் குந்தின இடத்திலிருந்து எழுந்திருக்க வழி இருக்காது.

தோரணத்துக்குச் செம்பனை ஓலை ஆகுமா? ஊரைச் சுற்றி அதுதானே இருக்கிறது.

மட்டையில் முள், கையைக் கிழிக்கும், ஓலையும் முரடு. தென்னங்குருத்துதான் மடிப்புக்கு வளையும். பக்கத்து வீட்டில் தென்னை இருந்தால் இரண்டு குருத்தோலை கேளுங்கள், பதிலுக்கு ஒரு டப்பா முறுக்கு. முந்தின நாள் இரவு பின்னி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் காலையில் வாடாமல் இருக்கும். மாவிலைக்குக் காசே இல்லை. துணித் தோரணம் வாங்கி வருஷா வருஷம் மாட்டலாமே என்று கேட்பீர்கள். மாட்டலாம், மார்ச் வரைக்கும் கழற்றாமல் தூசி அடைந்து தொங்கும், எங்கள் வரிசையில் மூன்று வீட்டில் இப்போதும் தொங்குகிறது.

செம்பனை ஈர்க்கில் மட்டும் நல்ல விளக்குமாறு கட்டலாம்.

போகிக்குப் பழைய மெத்தையை எரிக்கலாமா?

வேண்டாம். திறந்த வெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், ஸ்பாஞ்சு எரிகிற புகை குழந்தைகளுக்கும் ஆகாது. பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியோடு வருமே, இரும்பு, மின்விசிறி, பேப்பர் எல்லாம் அதில் போடுங்கள், ஐந்து பத்து வெள்ளி கையில் கிடைக்கும். மெத்தைக்கு நகராட்சியில் கேளுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் வீட்டை எப்படி வைத்துக்கொள்வது?

2015-ஐயும் 2019-ஐயும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஜன்னலை மூடிவிடுங்கள். தூசியைக் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். புது லங்சிரையும் புது குஷனையும் புகை போன பிறகு எடுங்கள், துணிதான் அந்த வாசனையை முதலில் குடிக்கும். சாம்பிராணியும் அந்த நாட்களில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

வாசலில் செடி வைக்கலாம் என்றால் கொசு பயம்.

பயம் நியாயமானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள்தான் எடுக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்குத் துடைக்கிற நேரம், தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டு, வாளி, உருளித் தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவுவேன். வெறுமனே கொட்டினால் பத்தாது, முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருளியில் பூ மிதக்கவிடுவது அழகுதான், ஆனால் விருந்தாளி போனதும் கவிழ்த்து வைத்துவிடுங்கள். செடி என்றால் துளசி, கற்பூரவல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை. ஒரு கிளை கேட்டு வாங்கினால் வருகிற செடிக்கு நர்சரியில் ஏன் 15 வெள்ளி?

குத்துவிளக்கு கறுத்துப்போய்விட்டது. பாலிஷ் வாங்கட்டுமா?

புளி, கொஞ்சம் உப்பு. பிசைந்து தடவிப் பத்து நிமிஷம், தேய்த்துக் கழுவி உடனே துணியால் துடையுங்கள். தண்ணீரோடு விட்டால் சாயங்காலத்துக்குள் புள்ளி விழும்.

வீட்டுக்காரர் எதற்கும் ஒத்துழைப்பதில்லை, "இருக்கிறது போதும்" என்கிறார்.

எங்கள் வீட்டிலும் அதே பாட்டுதான். லாரி ஓட்டிவிட்டு வருகிற மனுஷனை ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? நான் செய்வது, பெரிய வேலையாகச் சொல்லாமல் ஒரு மாதத்துக்கு ஒன்று. மார்ச்சில் பீலி, ஜூலையில் ஒரு சுவர், செப்டம்பரில் ஆணி வாஷர். கோலத்துக்கும் லங்சிருக்கும் அவரைக் கூப்பிடுவதே இல்லை. கதவு கரும்பச்சையான பிறகு மட்டும் "அந்தப் பின்கதவையும் அடிச்சிடலாமா?" என்று தானாகக் கேட்டார்.

எல்லாம் சரி அக்கா, ஆனால் நான் இதைப் படிப்பதே தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால். நூறு வெள்ளி இருக்கிறது.

சரி, சாயத்தை மறந்துவிடுங்கள். முதல் நாள் ஒட்டடை, மின்விசிறி இறக்கை, ஜன்னல் கண்ணாடி. செலவு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஹாலில் இருக்கிற சாமான்களில் வேண்டாததைப் பின்னறைக்குத் தள்ளுங்கள், காலண்டர் மூன்று தொங்கினால் இரண்டை எடுங்கள். பழுதான சுவரை மறைக்க நல்ல கரை வைத்த சேலை ஒன்றை மேலிருந்து கீழே மடிப்பாகத் தொங்கவிடலாம், நான் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டியது. மூன்றாம் நாள் கடை: அகல் விளக்கு ஒரு டஜன், நல்லெண்ணெய், நொய்யரிசி, கேசரிப் பவுடர், குஷன் உறை நாலு, கால்மிதி ஒன்று. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்து வாங்கினால் 80 வெள்ளிக்குள் வந்துவிடும். நாலாம் நாள் விளக்குகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள், ஊறாத புது அகல் எண்ணெயைக் குடித்துவிடும். அன்றைக்கே இரவு, மழை விட்ட பிறகு, கோலம்.

மீதி 20 வெள்ளியை மைலோ டின்னில் போடுங்கள், பிப்ரவரியில் வெளிச்சுவருக்கு ஆகும்.